வெறும் வீட்டில் ஒரு பின்னேரம்

தயாளினி அந்த வீட்டைப் பார்க்கப் போனபோது, உள்ளே வேறொருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

குறைந்த வாடகை அரசாங்க வீட்டுக்கு ஒன்பது வருடமாக விண்ணப்பத்தைப் புதுப்பித்துக் களைத்தவள் தயாளினி. கணவன் துஷ்யந்தன், பதின்மூன்று வயது மகள் யாமினி, அவள் என்று மூவருக்கும் லா சப்பல் பகுதியில் ஒரே அறை. வேலை, ரூ காய் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் நிலவறைச் சமையலறையில். விடுமுறை நாளில்தான் வெயிலைக் காண்பாள். இப்போது அதே நகரத்தில், ஸ்டாலின்கிராட் மெத்ரோ ரயில் நிலையத்தின் பக்கம் புதிதாகக் கட்டிய வீடொன்றைப் பார்க்க வரும்படி கடிதம் வந்திருந்தது. மூன்று குடும்பங்களைக் கூப்பிட்டு ஒன்றுக்குத்தான் கொடுப்பார்கள் என்று துஷ்யந்தன் சொல்லித்தான் அனுப்பினான். ஆனால் மற்றக் குடும்பங்களுக்கும் முகம் இருக்கும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

"தமிழோ?" என்றாள் நின்றவள். வயிற்றில் ஏழு மாதம். தோளில் இரண்டு வயது மகன் தூங்கிக்கொண்டிருந்தான். பெயர் றெஜினா என்றாள்.

"ஓம். எத்தினை வருசமாக் காத்திருக்கிறியள்?"

"நாலு. நீங்கள், அக்கா?"

"ஒன்பது." ஏதோ பந்தயத்தில் முந்தியதுபோலத் தயாளினிக்குக் கூச்சமாக இருந்தது.

கதவைத் திறந்துவிட்ட காவலாளி அலெக்சிஸ், பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று கீழே போய்விட்டான்.

வெயில் தரை முழுக்கக் கிடந்தது. எதிரே பாலத்தில் மெத்ரோ போகும்போதெல்லாம் அதன் கண்ணாடிகளில் பட்ட ஒளி சுவரில் நீந்தி மறைந்தது. தயாளினி தன் மேலங்கியைச் சின்ன அறையில் விரித்தாள்.

"பிள்ளையைக் கிடத்துங்கோ. கை உளையும்."

இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

"இஞ்சை மேசை போடலாம்," என்றாள் றெஜினா.

"கட்டில் அந்த மூலையிலை."

"திரைச்சீலை பச்சையிலை."

கற்பனையில் ஒருத்தி போட்ட மேசையில் மற்றவள் சோறு பரிமாறினாள். யாமினி படித்துக்கொண்டிருக்க, அவள் காலடியில் றெஜினாவின் குழந்தைகள் விளையாடினார்கள். யாருடைய வீடு என்ற கேள்வி எங்கோ கழன்று போயிருந்தது. இருவரும் கண் செருகிச் செருகி விழித்தபோது அலெக்சிஸ் வாசலில் நின்றான். ஒரு மணி நேரம் கழிந்திருந்தது. தொலைபேசி எண்களை மாற்றிக்கொண்டார்கள். 'உங்களுக்கே கிடைக்கட்டும்' என்று மட்டும் இருவருமே சொல்லவில்லை.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. வீடு தயாளினிக்கு. துஷ்யந்தன் யாமினியைத் தூக்கிச் சுற்றினான். தயாளினி கைப்பேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள்.

"சந்தோசம் அக்கா," என்றாள் றெஜினா.

"என்னட்டை ஏன் பொய் சொல்லுறீர்?"



"இப்ப பொய்தான். கொஞ்ச நாளிலை உண்மையாகும்."

அடுத்த மாதம் குடிபுகுந்தார்கள். யாமினி தன் அறைக் கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள்.

பெட்டிகள் பாதி பிரிபடாமல் இருக்கும்போதே றெஜினா அழைத்தாள். "பொம்பிளைப் பிள்ளை அக்கா. நேற்றுப் பிறந்தது."

தயாளினி அன்று வேலைக்குப் போகவில்லை. புது அடுப்பில் முதல் தடவையாகப் பத்தியக்கறி வைத்தாள். மிளகும் மல்லியும் கொதித்த ஆவி வெயிலுக்குள் ஏறிப் போயிற்று. சூடு ஆறாமல் பாத்திரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு எந்த மெத்ரோ என்று மகளிடம் கேட்டாள்.