வாடாமல்லிக் கதவு

இதனால் கேளம்பாக்கம் பூர்ணிமா அடுக்ககத்தின் நாற்பது குடும்பங்களுக்கும், அவர்களைப் பார்க்க வரும் உற்றார் உறவினருக்கும், சிலிண்டர் கொண்டுவருபவருக்கும், இனிமேல் பிறக்கப்போகும் சந்ததிகளுக்கும் அறிவிப்பது யாதெனில்: இந்த 2006ஆம் ஆண்டு முதல் எல்லா வாசல் கதவுகளும் பழுப்பு நிறத்திலேயே இருக்கும்.

அறிவித்தவர் சங்கச் செயலாளர் ராமானுஜம். அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். அங்கே அவர் பார்த்தது ஸ்டோர்ஸ் கணக்கு. பேச்சைக் கேட்டால் அணுவை அவரே பிளந்தது போலிருக்கும். தீர்மானம் ஐந்தே நிமிடத்தில் நிறைவேறியது. பஜ்ஜி ஆறிவிடும் என்பது எல்லோருடைய கவலையும்.

முப்பத்தொன்பது கதவுகள் பழுப்பாயின. நாற்பதாவது கதவு இரண்டாம் மாடியில், ராமானுஜம் வீட்டுக்கு நேர் எதிரே, வேண்டா என்பவளுடையது. சிறுசேரி சாலையில் டிபன் கடை போட்டு, கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு இட்லி அவித்தே வீடு வாங்கியவள். பெயிண்டர் திருவேங்கடம் டப்பாவோடு போய் நின்றபோது அவளே பிரஷ் பிடித்து இரண்டாவது கோட்டு அடித்துக்கொண்டிருந்தாள். வாடாமல்லி. படியேறும்போதே கண்ணில் அறைகிற வாடாமல்லி.

பொதுக்குழு அவசரமாகக் கூடியது. ராமானுஜம் நிறங்களின் தத்துவம் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு, "அவங்கவங்களுக்குப் பிடிச்ச நிறத்தையும் அதோட ஆழ்ந்த பொருளையும் சொல்லுங்க" என்றார்.

ஜெபகுமார், வெள்ளை, சமாதானம் என்றார். தண்ணீர் மோட்டார் விஷயமாக அவரும் மாடி வீட்டாரும் எட்டு மாதமாகப் பேச்சில்லை. முதல் மாடி சங்கரி, நீலம், கடல் போன்ற மனசு என்றார். காரை அரை அடி தள்ளி நிறுத்தச் சொன்னால் நடப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். நான் பச்சை, இயற்கை என்றேன். என் வீட்டிலிருந்த ஒரே செடி பிளாஸ்டிக்.

"நீங்க சொல்லுங்கம்மா. வாடாமல்லிக்கு என்ன அர்த்தம்? நியாயமா இருந்தா குழு பரிசீலிக்கும்."

"அர்த்தம் இன்னா சார் அர்த்தம்? புடிச்சிகீது" என்றாள் வேண்டா.

"அது காரணம் ஆகாதும்மா."

வேண்டா எழுந்து நின்றாள். "எங்க வூட்ல பொட்டப்புள்ளைங்க அஞ்சு பேரு. பொங்கலுக்கு எங்க நைனா திருக்கழுக்குன்றம் போயி ஒரே தானுல துணி எடுத்தாருவாரு. அஞ்சு பேருக்கும் ஒரே கலரு. அழுக்கு தெரியாத கலரு. இன்னா கலரு? இதோ, உங்க கதவு கலருதான். அக்காளுங்களுக்குத் தச்சது போவ மிச்சத்துல எனக்குப் பாவாட. கல்யாணத்துக்கு வாடாமல்லி சேல கேட்டேன். மாமியாருக்குப் புடிச்ச அரக்குல எடுத்தாங்கோ. நாப்பத்திரண்டு வயசுல மொத தபா ஒருத்தன் என் மூஞ்சியப் பாத்து 'இன்னா கலரு வோணும்'னு கேட்டான். பெயிண்டுக் கடைக்காரன். சொன்னேன். இதுக்கு மேல அர்த்தம் வோணும்னா நீயே எழுதிக்க சார்."

ராமானுஜத்தின் மனைவி லதா பஜ்ஜித் தட்டை அவளிடம் நீட்டினார்.

"உணர்ச்சி வேற, விதி வேற" என்றார் செயலாளர். "நாளைக் காலைல பத்து மணிக்குப் பழுப்பு அடிக்கப்படும்."

மறுநாள் வேண்டா கடைக்கு லீவு விட்டாள். பிளாஸ்டிக் நாற்காலியைக் கதவில் ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

"அடிக்கிறதுன்னா என்னியும் சேத்து அடி அண்ணாத்த."

திருவேங்கடம் பிரஷ்ஷைக் கீழே வைத்தான். "எனுக்கு இன்னாத்துக்கு சார் இந்தப் பேஜாரு? நான் நாஸ்தா துன்றதே அக்கா கடைலதான்."

மூன்று நாள் அவளும் எழவில்லை, ராமானுஜமும் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் காய்கறிப் பையோடு அவர் படியேறினார். பத்து வருடமாகச் சங்கரியின் நீலக் கதவைத் தாண்டி ஏறிப் பழகிய கால்கள். இப்போது நீலம் இல்லை, எங்கும் பழுப்பு. திறந்திருந்த கதவுக்குள் நேராக நுழைந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சோபாவில் காலை நீட்டி, "லதா, மோர்" என்றார்.

சங்கரி மோர் கொடுத்தார். கடல் போன்ற மனசு.

அன்று மாலையே, "நிர்வாகக் காரணங்களால்" தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. வேண்டா நாற்காலியை உள்ளே எடுத்துப் போனாள். அதன் பிறகு ராமானுஜம் வாடாமல்லி கண்ணில் படும்வரை எந்தக் கதவையும் தொடுவதில்லை. கூரியர்காரனிடம் போனில், "வாடாமல்லிக் கதவுக்கு எதிர் வீடுப்பா" என்று அவர் சொல்வதைப் பலர் கேட்டிருக்கிறார்கள்.

சங்கத்தின் பொங்கல் மலரில் நான்கு பக்கக் கட்டுரை ஒன்றும் எழுதினார். தலைப்பு: 'வாடாமல்லி: ஒரு பெண்ணின் உரிமைக் குரல்'. விதியைத் தளர்த்தி அந்தக் குரலுக்கு வழிவிட்ட பெருந்தன்மையான செயலாளர் ஒருவரும் அதில் வந்துபோனார்.

மலர் வெளிவந்த வாரம் வேண்டா கதவுக்கு மஞ்சள் அடித்தாள். ஏன் என்று கேட்டேன். வாடாமல்லி அலுத்துவிட்டதாம்.