அடிச்சவன்தான் எடுக்கோணும்

உலகக் கால்பந்தில் அடுத்த பெரிய மாற்றம் நாகலூரில்தான் தொடங்கும் என்று சந்திரசேகர் அறிவித்தான். அறிவித்த இடம், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடை. சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. பக்கத்தில் பன்னை டீயில் முக்கிக்கொண்டிருந்த ஒருவர் கை அப்படியே நின்றுவிட்டது. பாதி பன் கரைந்து கிளாசுக்குள் விழுந்தது.

"இதுவரைக்கும் எல்லா நாட்டுக்காரனும் கோல் அடிக்கறதுக்காக ஃபுட்பால் ஆடறான். அங்கதான் தப்பு. பந்து நம்மகிட்ட இருக்கற வரைக்கும் எதிராளியால ஒண்ணும் பண்ண முடியாது. அப்ப நாம பந்தை விடவே கூடாது."

"கோலுக்குள்ளகூடவா?" என்றார் பன் பறிகொடுத்தவர்.

"கோல் வரைக்கும் கூட்டிட்டுப் போவோம். அப்புறம் புதுப்பொண்ணு ஊட்டுக்குள்ள வர்ற மாதிரி அதுவா மெதுவா உள்ள போவோணும். அடிக்கக் கூடாதுங்க. அடிக்கறது அநாகரிகம்."

சந்திரசேகர் நாகலூர் அணியின் கேப்டன். கோச்சும் அவன்தான், அந்த வேலைக்கு வேறு யாரும் வராததால். சேலத்தில் பி.காம் கடைசி வருஷம். தினமும் பஸ்ஸில் மலை இறங்கி மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு போனில் வெளிநாட்டு மேட்ச் பார்ப்பான். அதில் அவனுக்கு இரண்டு விஷயங்கள் வந்து சேர்ந்திருந்தன. ஒன்று தலைசுற்றல், இன்னொன்று தத்துவம்.

தத்துவத்துக்கு ஒரு எதிரி தேவைப்பட்டான். அதற்கு கோல்கீப்பர் சக்தி கிடைத்தான். சக்தி எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவன். பந்து கைக்கு வந்தால் கீழே வைத்து, கண்ணை இறுக மூடி, கட்டைவிரல் நுனியால் ஒரே குத்து. பந்து எங்கே போகும் என்று அவனுக்கும் தெரியாது, பந்துக்கும் தெரியாது.

"கண்ணை மூடிக்கிட்டு கட்டைவிரல்ல குத்தறவன் ஃபுட்பால் ஆடல, தேங்கா ஒடைக்கறான்," என்பான் சந்திரசேகர்.

"செரி மாப்ள," என்பான் சக்தி. அவனுக்குக் கோபம் வருவதற்கு நேரமாகும். வந்து சேர்வதற்குள் எதற்காக வந்தது என்பது மறந்துபோகும்.

நாகலூர் மைதானத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எஸ்டேட்டுக்குச் சொந்தமான சமதளம் அது. மலையில் சமதளம் கிடைப்பதே பெரிது என்பதால் மற்ற குறைகளை யாரும் பேசுவதில்லை. மற்ற குறை, கீழண்டைக் கோலுக்குப் பின்னால் பூமி முடிந்துவிடும். அங்கிருந்து நேரே சரிவு. சரிவெல்லாம் காப்பிச்செடி, செடிக்கடியில் சருகு, சருகில் ரத்தம் உறிஞ்சும் அட்டை. கோலுக்கு வலை கிடையாது. இருந்த வலையைக் குரங்குகள் ஊஞ்சல் ஆடித் தீர்த்துவிட்டன. பந்தும் ஒன்றே ஒன்றுதான்.

ஆகவே அங்கே ஒரு சட்டம் உண்டு. பந்து சரிவில் போனால், அடிச்சவன்தான் எடுக்கோணும். வெளியூர்க்காரன் அடித்தால் மட்டும் மரியாதைக்காக சக்தி போவான். அதற்காகவே கீழண்டைக் கோல் கம்பத்தில் ஒரு துணியில் கல்லுப்பு முடிந்து தொங்கவிட்டிருந்தான். இறங்குவதற்கு முன் நனைத்துக் காலில் தேய்த்துக்கொண்டால் அட்டை கொஞ்சம் யோசிக்கும்.

"ஃபுட்பால் ஆட வர்றியா, கொழம்பு வெக்க வர்றியா?" என்று அதற்கும் சந்திரசேகர் கேட்டிருந்தான்.

போன சீசனில் நாகலூர் ஒரு கோலும் அடிக்கவில்லை. உள்ளூரிலும் அடிக்கவில்லை, வலை கட்டிய வாழவந்தி மைதானத்திலும் அடிக்கவில்லை. கோலுக்கு முன்னால் வரை பந்து அழகாகப் போகும். போனதும் முன்வரிசையில் ஆடும் மாரியப்பன் பிரவீனுக்குக் கொடுப்பான். பிரவீன் மாரியப்பனுக்கே திருப்பிக் கொடுப்பான். கல்யாணப் பந்தியில் கடைசி நாற்காலிக்கு இரண்டு சம்பந்திகள் ஒருவரையொருவர் கைகாட்டுவது போல இருக்கும். அதற்குள் எதிர் அணிக்காரன் யாராவது வந்து, மன்னிக்கணும் என்கிற முகத்தோடு, பந்தை எடுத்துக்கொண்டு போய்விடுவான். இந்த ஆட்டமுறைக்குத்தான் சந்திரசேகர் இப்போது தத்துவம் எழுதிக்கொண்டிருந்தான்.

புது சீசன் ஆவணியில் தொடங்கி, காப்பிப்பழம் பறிக்கக் கூப்பிடுவதற்குள் முடிந்துவிடும். முதல் மேட்ச் உள்ளூரில், கொட்டச்சேட்டு அணியோடு. அதற்கு முந்தின வாரம் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஞானசுந்தரம் மைதானத்துக்கு வந்தார். குடையை மடக்கி, தொண்டையைச் செருமி, வராத விஷயத்தையெல்லாம் பேசிவிட்டு வந்த விஷயத்துக்கு வந்தார்.

"கண்ணு, மொதலாளி கேக்கறாருங்க. லீவு நாள்ல டூரிஸ்ட் வேன் நிறுத்த எடமில்லாம ரோடெல்லாம் நிக்குது. இந்த எடத்தைப் பார்க்கிங் பண்ணிட்டா என்னங்கறாரு."

"சார், இது எங்க கிரவுண்டுங்க," என்றான் சந்திரசேகர்.

"அதைத்தான் சாமி நானும் சொன்னேன். பசங்க ஃபுட்பால் ஆடறாங்கன்னேன். எத்தனை கோல் போட்டாங்கன்னு கேட்டாரு. எனக்குப் பொய் சொல்ல வரல, இருமிட்டேன். வர்ற மேட்சுல ஒரே ஒரு கோல் போட்டுருங்க. அதைச் சொல்லிக் காப்பாத்திக்கறேன். போடலைன்னா வண்டிதான் நிக்கும்."

"ஒரு கோல்தானுங்களே."

"செயிக்கச் சொல்லல. ஒரு கோல்."

அன்றைக்கு வீட்டில் சந்திரசேகர் புது ஆட்டமுறையைத் தட்டில் விளக்கினான். இட்லி கோல், சட்னி எதிர் அணி. எதிரே தங்கை சிவரஞ்சனி உட்கார்ந்திருந்தாள். காலேஜ் வாலிபால் டீமில் இருக்கிறவள். ஆகையால் விளையாட்டைப் பற்றி இரக்கமில்லாமல் பேசுவாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்கக் கூடாது."

"தத்துவத்தைப் பத்தி எது வேணாலும் கேளு."

"நீங்க அடிக்காதது தத்துவமெல்லாம் இல்ல. அட்டைக்குப் பயம். கோல் விழுந்தா பந்து கீழ போயிரும். போனா அடிச்சவன் எறங்கோணும். அதான் ஆளாளுக்கு அடுத்தவனைத் தள்ளி விடறீங்க. வருசக்கணக்கா தள்ளித் தள்ளி வாழவந்தியில வலை இருக்கறதுகூட உங்க காலுக்குத் தெரியல."

சந்திரசேகர் இட்லியைப் பார்த்தான். அது கோலாக இருப்பதிலிருந்து விலகி வெறும் இட்லியாகிவிட்டது. "உனக்கு ஃபுட்பால் தெரியாது," என்று சொல்லிவிட்டு அதைத் தின்றான். ஆனால் படுத்த பிறகு மாரியப்பன் முகம் நினைவுக்கு வந்தது. பிரவீன் முகம் வந்தது. கோலுக்கு முன்னால் அவர்கள் பார்வை கோலைத் தாண்டிக் காப்பிச்செடியில் நிற்பது நினைவுக்கு வந்தது. பிறகு, அவனுக்குப் பிடிக்காமலே, அவன் பார்வையும் அங்கேதான் நிற்கும் என்பது வந்தது.

மேட்ச் அன்று ஊரே வந்திருந்தது. மைதானம் வேனுக்குப் போகப்போகிறது என்ற செய்தி பரவினால் கூட்டம் வரத்தானே செய்யும். நடுவர் சூசைமாணிக்கம். ஏற்காட்டில் ஹோட்டலில் வேலை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர், அதனால் நேர்மையானவர். சிவரஞ்சனி ஒரு கரும்பலகையை மரத்தில் சாய்த்து இரண்டு ஊர்ப் பேரையும் எழுதி, 'கோல் அடித்தவர்' என்று தனியாக ஒரு கட்டம் போட்டு, சாக்பீஸோடு நின்றாள்.

முதல் பாதியில் கீழண்டைக் கோலைச் சக்தி காத்தான். கொட்டச்சேட்டுக்காரர்களிடம் தத்துவம் ஏதும் இல்லை. பந்து வந்தது, அடித்தார்கள், உள்ளே போனது. உள்ளே போன பந்து சரிவிலும் போனது. சக்தி உப்பு முடிச்சை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தான். ரைட்டர் ஞானசுந்தரம் இருமினார்.

இரண்டாம் பாதியில் நாகலூர் கீழண்டைக் கோலைப் பார்த்து ஆடியது. பந்து போன சீசனைவிட அழகாகப் போனது. கோலுக்கு முன்னால் மாரியப்பன் பிரவீனுக்குக் கொடுத்தான்.

"நீ அடி மாப்ள."

"இல்ல பங்காளி, உனக்குத்தான் தோதா இருக்குது."

"எனக்கு வலது கால்ல சுளுக்கு."

"இடது கால்ல அடி."

"அது சுளுக்கு வரப்போற காலு."

"அடிங்கடா!" என்று கூட்டத்திலிருந்து கத்தியது யாரோ இல்லை, ரைட்டர்தான். கொட்டச்சேட்டுக் கோல்கீப்பர் முதலில் பாய்வதற்குத் தயாராகக் குனிந்து நின்றிருந்தான். பிறகு நிமிர்ந்தான். கடைசியில் கம்பத்தில் சாய்ந்துகொண்டான்.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. சந்திரசேகருக்கு மைதானத்தில் ஆட்கள் மங்கி, வரிசையாக வேன்கள் தெரிய ஆரம்பித்தன. நடு மைதானத்தில், அவன் முதல்முதலாகப் பந்தை உதைக்கப் போய் விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட இடத்தில், ஒரு வேன் ரிவர்ஸ் எடுத்தது.

அப்போது சரிவிலிருந்து பனிமூட்டம் ஏறியது. இந்த ஊரில் அதற்கு யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். முதலில் காப்பிச்செடி காணாமல் போனது, பிறகு கோல் கம்பம், பிறகு மாரியப்பன். சூசைமாணிக்கம் விசிலை வாயில் வைத்து ஆட்டத்தை நிறுத்தலாமா என்று யோசித்தார். பஸ்ஸை நினைத்துக்கொண்டு விட்டுவிட்டார்.

அந்த வெள்ளைக்குள் எங்கிருந்தோ பந்து உருண்டு வந்து சந்திரசேகர் காலில் நின்றது. வலப்பக்கம் பிரவீன் குரல் கேட்டது: "எனக்கு வேண்டாம், மாரியப்பனுக்குக் குடு!" இடப்பக்கம் மாரியப்பன் குரல்: "நான் இங்க இல்ல!"

சந்திரசேகர் சுற்றிலும் பார்த்தான். தன் கையே சரியாகத் தெரியவில்லை. அவனுக்கு யாரும் தெரியவில்லை என்றால் யாருக்கும் அவனும் தெரியவில்லை. அடித்தது யார் என்று தெரியாத பந்தை யார் போய் எடுப்பது? அவன் தத்துவத்தை நினைக்கவில்லை. புதுப்பொண்ணை நினைக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டான். கட்டைவிரல் நுனியால் ஒரே குத்து.

டங் என்று கம்பத்தில் இரும்புச் சத்தம். அடுத்து ஒரு சரசரப்பு; இலைக்கு இலை, செடிக்குச் செடி, கீழே, இன்னும் கீழே. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு பயந்திருக்கிறான். இன்றைக்கு அது காதில் தேனாக இறங்கியது. கடைசியாக மூட்டத்துக்குள்ளிருந்து கொட்டச்சேட்டுக் கோல்கீப்பர் குரல், உண்மையான வருத்தத்தோடு: "ஐயோ, கம்பத்துல பட்டு என் கால் சந்துலயே போயிருச்சுங்க!"

விசில். கூட்டம் எதையும் பார்க்காமலே கத்தியது. ரைட்டர் குடையை மேலே எறிந்தார். அது எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

"நேரம் இன்னும் கொஞ்சம் இருக்குதுங்களே," என்றான் கொட்டச்சேட்டுக் கேப்டன்.

"பந்து இருக்குதா?" என்றார் சூசைமாணிக்கம். இல்லை. ஆட்டம் முடிந்தது. ஆளுக்கு ஒரு கோல்.

மூட்டம் லேசாக விலகியபோது எல்லோரும் பலகை முன்னால் நின்றிருந்தார்கள். சிவரஞ்சனி சாக்பீஸைத் தூக்கிப் பிடித்தாள்.

"யாரு அடிச்சது? பேரைச் சொல்லுங்க, எழுதோணும்."

மலர்ந்திருந்த முகங்கள் ஒவ்வொன்றாகத் தரையைப் பார்த்தன. மாரியப்பன் தான் அப்போது மைதானத்துக்கே வெளியில் இருந்ததாகச் சொன்னான். பிரவீன் சத்தியம் பண்ணத் தயாராக இருந்தான். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டினார்கள்.

சந்திரசேகர் தொண்டையைச் செருமினான். "நம்ம ஆட்டமுறையில தனி ஆளுன்னு யாரும் இல்ல. இது மொத்த டீமும் அடிச்ச கோல்."

"அப்ப மொத்த டீமும் எறங்கிப் பந்தை எடுத்துட்டு வாங்க," என்றாள் தங்கை.

மொத்த டீமுக்கும் உடனே டீ ஞாபகம் வந்தது. ரைட்டர் எல்லோருடைய கன்னத்தையும் தொட்டுத் தொட்டு, "காப்பாத்திட்டீங்க சாமி, இனி வேனுக்கு வேற எடம் பாக்கச் சொல்லிக்கறேன், நொம்ப சந்தோசம்," என்று சொல்லிக்கொண்டே குடையைத் தேடப் போனார். பார்த்துக்கொண்டிருந்த சந்திரசேகருக்குத் தோள் இரண்டும் தாமாகவே இறங்கின. நடு மைதானத்தில் வேன் இல்லை. வெறும் புல், ஈரம், அவன் பல் உடைந்த இடம்.

கடைசியில் கோல் பக்கம் நின்றது சக்தி மட்டும்தான். பெருமூச்சு விட்டபடி கம்பத்திலிருந்து உப்பு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"விடு மாப்ள, நானே போறேன். பழகுன காலு. ராத்திரி கெடந்தா காட்டெருமை மிதிச்சிரும்."

"நீ டீ குடிக்கப் போ," என்றான் சந்திரசேகர். "நான் கார்னர் கொடியெல்லாம் எடுத்துட்டு வர்றேன்."

சொல்லிவிட்டு இரண்டு எட்டு வைத்தான். வலது கால் நொண்டியது. சக்தி அந்தக் காலைப் பார்த்தான். ஷூ முனையைப் பார்த்தான். அவசரப்படாமல் அவன் முகத்தைப் பார்த்தான்.

"கட்டைவிரலா?"

சந்திரசேகர் ஷூ முனையைப் புல்லுக்குள் மறைத்தான்.

"மொத நாள் அப்படித்தான் விண்ணுவிண்ணுன்னு இருக்கும்," என்றான் சக்தி. "சுடுதண்ணியில வையி." உப்பு முடிச்சை அவன் கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் டீக்கடைப் பக்கம் நடந்தான்.

சந்திரசேகர் முடிச்சைப் புல்லின் ஈரத்தில் நனைத்தான். கணுக்கால், ஆடுசதை, முழங்கால் என்று சாமி கும்பிடுகிறவன் திருநீறு பூசுவது போலத் தேய்த்துக்கொண்டான். இறங்கினான். பந்து ஒரு மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில், ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்திருந்தது. அட்டை ஒன்று அவனுக்கு முன்பே வந்து அதன் மேலே நின்று தலையை ஆட்டியது. குச்சியால் அதைத் தள்ளிவிட்டான்.

இனி ஏற வேண்டும். வழுக்குகிற சரிவு, இரண்டு கையும் செடியைப் பிடிக்க வேண்டும். பந்தைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. மேலே பார்த்தான். வெள்ளை. கீழே பார்த்தான். வெள்ளை. மனுசன் ஒருத்தன் இல்லை.

பந்தைச் சருகின் மேல் வைத்தான். கண்ணை இறுக மூடினான். வலது கட்டைவிரல் வேண்டாம் என்றது, ஆகவே இடது கட்டைவிரலால் ஒரே குத்து. பந்து மூட்டத்துக்குள் ஏறிப் போனது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இலைக்கு இலை, செடிக்குச் செடி சரசரத்துக்கொண்டு இறங்கி வந்து அவன் காலடியிலேயே நின்றது.

சந்திரசேகர் அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான். பந்தைச் சரியாக வைத்தான். மறுபடியும் கண்ணை மூடினான்.