ஒன்பது முதலாளிகள்

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையின் கடைசிச் சந்தில் இருந்த அந்த லேத் பட்டறைக்கு 2003 முதல் முதலாளி கிடையாது. இருந்தவர் ஆர்டர் குறைந்ததும் ஒரு பொங்கல் லீவில் கம்பி நீட்டிவிட்டார். வேலை செய்துகொண்டிருந்த ஒன்பது பேரும் நாலு மாதம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்து, ஷட்டரைத் தாங்களே தூக்கினார்கள். ஞானையாவைத் தலைவராக்கினார்கள். லேத்தில் அவர் வேலை சுத்தம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவர் மனைவி கெசியா.

கெசியா தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ப்ளஸ் டூவுக்குப் பொருளாதாரம் எடுப்பவள். சங்கம் தொடங்கிய புதிதில் ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, ராஜகீழ்ப்பாக்கம் வீட்டு ஹாலில் ஒன்பது பேரையும் உட்கார வைத்து சோஷலிசம் நடத்தினாள். இங்கிலாந்து மில்களில் குழந்தைகள் பதினாலு மணி நேரம் நின்றது, மெஷின் ஒருவனுக்குச் சொந்தம் உழைப்பு இன்னொருவனுடையது என்பதில்தான் வம்பே இருக்கிறது என்று சிலர் கண்டுகொண்டது, தொழிலாளிகளே சேர்ந்து கடையும் ஆலையும் நடத்திப் பார்த்தது, ரஷ்யாவில் எல்லாவற்றையும் அரசாங்கமே எடுத்துக்கொண்டது, ஐந்தாண்டுத் திட்டங்கள், அதில் எழும்பிய உருக்காலைகள், ரொட்டிக்கு நின்ற வரிசைகள், 91இல் அத்தனையும் கலைந்தது, நம் நாட்டில் அரசும் தனியாருமாகக் கலந்துகட்டி ஓட்டியது என்று எதையும் மறைக்கவில்லை. கேட்டவர்களில் மூன்று பேர் தூங்கினார்கள். மற்றவர்களுக்கு, மெஷின் யாருடையது என்பதுதான் கேள்வி என்ற அளவுக்குப் பிடிபட்டது.

சங்க விதிகளையும் அவள்தான் எழுதிக் கொடுத்தாள். நாலாவது விதி மட்டும் ஞானையா கேட்டு வாங்கியது. பட்டறையில் தொடர்ந்து இருநூற்று நாற்பது நாள் வேலை செய்கிற யாரும் உறுப்பினர் ஆகலாம், எல்லாருக்கும் சம பங்கு. பழைய முதலாளி ஞானையாவை மூன்று தடவை இருநூற்று முப்பதாவது நாளில் 'பிரேக்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியவர். இருநூற்று நாற்பதைத் தாண்டினால் ஆள் சட்டத்தைக் காட்டி நிரந்தரம் கேட்டுவிடுவானே. பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வைப்பார். அந்தப் பத்து நாளும் கெசியாவின் முகத்தைப் பார்க்கவே ஞானையாவுக்குக் கூசும்.

2006இல் கார் கம்பெனி ஆர்டர் ஒன்று வந்து ஆள் போதாமல் போனபோது, துளை போடும் மெஷினுக்கு துர்கா வந்தாள். பம்மல்காரி. புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகிற பெண் ஒருத்தி உண்டு. ஆறு மாதத்தில் பழைய ஆட்களைவிட நறுவிசாக வேலை செய்தாள். சுவரில் மாட்டியிருந்த விதிகளில் நாலாவதை மட்டும் அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். இன்னும் ஒன்பது நாள்தான் என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்ன சனிக்கிழமை, அவள் போனதும், வெல்டர் மாணிக்கவேல் பேச்சை எடுத்தார்.

"நாலு மாசம் சோறு தண்ணி இல்லாம அலைஞ்சது நாம. நேத்து வந்த பொண்ணுக்கும் அதே பங்கா? நீயே சொல்லு ஞானையா."

அடுத்து இன்னொருத்தி வருவாள், அப்புறம் இன்னொருத்தன், கடைசியில் பங்கு பிய்த்துப் பிய்த்து ஒன்றுமில்லாமல் போகும் என்றார்கள். அவளை நிறுத்த வேண்டும் என்று யாருமே சொல்லவில்லை. அவ்வளவு நல்லவர்கள். 'பிரேக்' என்ற சொல்லை முதலில் எடுத்தது ஞானையாதான். தயாராகக் காத்திருந்தது மாதிரி அது வாயிலிருந்து வந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அங்கே ஓட்டு என்றால் பழைய பெயின்ட் டப்பாதான். சம்மதம் என்றால் நட்டு, இல்லையென்றால் வாஷர். கையை மூடிக்கொண்டு போட வேண்டும். கொட்டிப் பார்த்தபோது எட்டு நட்டும் ஒரு வாஷரும் இருந்தன. ஒற்றை வாஷர் தன்னுடையதுதான் என்கிற முகத்தோடு ஒன்பது பேரும் வீட்டுக்குப் போனார்கள். ஞானையாவும் அப்படித்தான் போனார். அவர் போட்டது நட்டு. கெசியாவிடம் அவர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

திங்கட்கிழமை மாலை துர்காவிடம் சொல்லும் வேலை தலைவர் தலையில் விழுந்தது. பத்தே நாள்தான், அப்புறம் கட்டாயம் கூப்பிடுவோம் என்றார். பழைய முதலாளியும் இதே 'கட்டாயம்' போட்டுத்தான் பேசுவார். துர்கா அழவில்லை. கை துடைக்கிற வேஸ்ட் துணியை மடித்து மெஷின் மேல் வைத்தாள்.

"முன்ன இருந்த கம்பெனிலயும் இப்டித்தான் பண்ணாங்கண்ணா. அங்க ஒரே மொதலாளி. நேரா அவர் வூட்டு வாசல்ல போய் குந்திகினேன், ரெண்டு நாள்ல கூப்ட்டாரு. இங்க ஒம்போது பேரும் மொதலாளின்றீங்க. நான் யார் வூட்டுக்குண்ணா போறது?"

லேட்டாகிவிட்டது, பஸ்ஸைப் பார் என்றார் ஞானையா.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்த கெசியா, வாசற்படியில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்து யாரென்று விசாரித்தாள். துர்கா நடந்ததைச் சொன்னாள். ஒன்பது வீட்டில் இங்கே ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, பெரிய காரணம் ஒன்றும் அவளிடம் இல்லை.

"இந்த வூடுதான் டீச்சர் பஸ் ஸ்டாப்பாண்ட கீது."

கெசியா உள்ளே வந்தாள். ஞானையா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நாலாவது விதிய யாரு மாத்தினது?"

"யாரும் மாத்தல. விதி அப்படியேதான் இருக்கு. பத்து நாள் பிரேக், அவ்வளவுதான்."

கெசியா பள்ளிக்கு போன் செய்து இன்று வர முடியாது என்றாள். இரண்டு டம்ளரில் காபி ஊற்றி எடுத்துக்கொண்டு போய், ஒன்றை துர்காவிடம் கொடுத்துவிட்டு, அதே படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஞானையா வண்டிச் சாவியோடு வாசலுக்கு வந்தார். துர்கா மரியாதையாக எழுந்து நின்று வழிவிட்டாள். கெசியா நகரவில்லை.