பதினோரு நாள் சந்தேகம்

என் வாய் நல்ல வாய் இல்லை. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் இரண்டு பேரைப் பற்றிப் பேசும்போது மட்டும் அது தானாக அடங்கிவிடும். ஒருவர் பிணம் குளிப்பாட்டும் ஜோல்தோஷ். இன்னொருத்தி ஐம்கான், கொலையுண்ட சாதிரின் மனைவி. சாதிரைக் கொன்றதாகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது என் கணவர் பெய்ஷெனை.

சாதிரும் அவரும் பத்து வருடமாக ஊர் ஆடுகளைச் சேர்ந்தே கோடை மேய்ச்சலுக்கு மலைக்கு ஓட்டிப் போனவர்கள். போன செப்டம்பரில் இறங்கி வந்த மறுநாள் ஆற்றங்கரையில் சாதிர் செத்துக் கிடந்தான். குதிரை தள்ளிவிட்டது என்றார்கள். குளிப்பாட்டும்போதுதான் முதுகில் கத்திக் குத்து தெரிந்தது. மாவட்டத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்து சேர மூன்று நாள் ஆனது. அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. தோண்ட வேண்டாம் என்று வீட்டார் சொன்னதும் அவர் சரி என்றுவிட்டார். ஆற்றங்கரைக்கும் போகவில்லை. பாவம், மழை வேறு, அவர் பூட்ஸ் வேறு புதுசு. சாவுக்கு முந்தின நாள் சாதிருக்கும் என் கணவருக்கும் ஒரு சேணத்தை வைத்து வாய்ச்சண்டை என்று யாரோ சொன்னார்கள். நேரே எங்கள் வீட்டுக்கு வந்து கத்தியை எடுத்தார். பிடியில் ரத்தம்.

எங்கள் வழக்கப்படி சாதிரின் இழவுச் சாப்பாட்டுக்கு அடித்த குதிரையை அறுத்த கத்தி அது. அன்றைக்கு ஊரில் ரத்தம் படாத கத்தி எந்த வீட்டில் இருந்தது? சொன்னேன். எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்பது அவருக்கே வெளிச்சம். குதிரை ரத்தம்தான் என்று பரிசோதனைச் சீட்டு வர இரண்டு மாதம். அதன் பிறகும் ஐந்து மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். ஏப்ரலில், ஆதாரம் போதவில்லை என்று விட்டார்கள். செய்யவில்லை என்று சொல்லவில்லை. ஊருக்கு அந்த இடைவெளி போதும்.

ஏப்ரல் கடைசியில் பழைய மன்றக் கட்டடத்தில் ஊர் கூடும். கோடைக்கு ஆடுகளை யாரிடம் விடுவது என்று அங்கேதான் முடிவாகும். எங்களுக்கு நிலம் கிடையாது. ஆடு கிடைக்காவிட்டால் ஊரை விட்டுப் போக வேண்டியதுதான். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மாஸ்கோவில் செங்கல் சுமக்க யார் கூப்பிடுவார்கள்?

நடுவில் மேசை. மேசையில் தேநீர், ரொட்டி. ஊரில் ஆடு வைத்திருப்பவர்களில் ஒருவனான தூலோதான் ஆரம்பித்தான்.

“எனக்கு யார்மேலயும் பகை இல்லை. ஆனா மலையில ஒரு ஆள் கூடப் போவான். அவன் திரும்பி வரணுமே.”

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது ஜோல்தோஷ் எழுந்தார். பிணம் குளிப்பாட்டுகிறவர் உடம்பில் பார்த்ததை வெளியே பேசக் கூடாது, பெரிய பாவம். சாதிரின் வீட்டாரைத் தவிர அவர் அதுவரை யாரிடமும் மூச்சு விட்டதில்லை. வழக்கப்படி செத்தவனின் உடுப்பு குளிப்பாட்டினவருக்குப் போகும். சாதிரின் பஞ்சுக் கோட்டு அப்போது அவர் மேல்தான் இருந்தது. அதைக் கழற்றி மேசைமேல் விரித்தார்.

“ஏழு மாசமா இதைப் போட்டுக்கிட்டு போலீஸ் ஸ்டேஷன் வாசல் வழியாத்தான் போறேன், வர்றேன். ஒருத்தனும் கேக்கலை. என் பொண்டாட்டி தச்ச தையலை இன்னைக்குப் பிரிச்சுட்டு வந்தேன். பாருங்க, முதுகுல கத்தி இறங்கின ஓட்டை ஒரு விரல் அகலம் இல்லை. உடம்புலயும் அவ்வளவுதான். பெய்ஷெனோட கத்தி ரெண்டு விரலுக்கு மேல. அதுல அறுத்த கறியை நீங்க எல்லாரும் தின்னவங்கதானே. சொன்ன பாவம் என்னோட போகட்டும்.”

“ஒரு ஆளுக்கு ஒரு கத்திதானா மாமா?” என்றான் தூலோ.

“அப்படிப் பாத்தா உன் இடுப்புல தொங்குறதுகூட சின்னக் கத்திதான். வாய்க்கால் தண்ணிக்கு நீயும் சாதிரும் கட்டிப் புரண்டீங்களே, அது யாருக்கும் ஞாபகம் இல்லையா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்தது. தூலோவின் கழுத்து சிவந்தது.

அரை மணி நேரம் இப்படியே போனது. சண்டை போட்டவன்தான் செய்வான் என்று ஒருவர். சண்டை போட்டவன் மறுநாள் இழவுக்குக் குதிரை அறுப்பானா என்று இன்னொருவர். அறுத்ததே ரத்தத்தை மறைக்கத்தான் என்று மூன்றாமவர். விசாரணை அதிகாரி செய்யாத வேலையை எல்லோரும் சேர்ந்து வாயால் செய்துகொண்டிருந்தார்கள். எனக்குத் தாங்கவில்லை.

தூலோ என் பக்கம் திரும்பினான். “நாங்க வெளியாளுங்க. பூரூல் அக்கா, நீ கூட இருந்தவ. இந்த ரொட்டி மேல கை வச்சுச் சொல்லு. உனக்கு ஒரு நாளாவது சந்தேகம் வந்ததில்லையா?”

வேறு எதன்மேல் கேட்டிருந்தாலும் பொய் சொல்லியிருப்பேன். ரொட்டி மேல் எங்கள் ஊரில் யாராலும் முடியாது. கையை வைத்தேன்.

“வந்துச்சு” என்றேன். “பதினோரு நாள். சாதிர் செத்த அன்னைக்குச் சாயங்காலம் இவர் சட்டைக் கை நனைஞ்சு வந்தாரு. ஏன்னு கேட்டேன், பதில் சொல்லலை. பன்னிரண்டாவது நாள் ஜெயில்ல பாத்தேன். ‘சாதிர் வெட்டிப் போட்ட புல்லு நனையுதே, யாராவது உள்ள எடுத்தாங்களா?’ன்னுதான் முதல்ல கேட்டாரு. அதோட போச்சு. இது சாட்சியில்லை. எனக்குப் போதுமா இருந்துச்சு.”

என் கணவரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஏழு மாதம் சிறையில் இருந்தவரை நானே குழியில் தள்ளிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

“அவ்வளவுதான், பொண்டாட்டியே சொல்லிட்டா” என்றான் தூலோ.

“உக்காரு தூலோ” என்றாள் ஐம்கான். அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவள் எழுந்து மேசைக்கு வந்தாள். “பூரூலுக்குப் பதினோரு நாள். எனக்கு இன்னும் தீரலை. இவன்தான்னு ஒரு நாள் தோணும், இவன் இல்லைன்னு ஒரு நாள் தோணும். இந்த ஏழு மாசத்துல என் வீட்டுக்கு வந்தவங்கள்ல பாதிப் பேரு இவன்தான்னு அடிச்சுச் சொன்னாங்க, பாதிப் பேரு இவன் இல்லவே இல்லைன்னு அடிச்சுச் சொன்னாங்க. தெரியலைன்னு ஒருத்தரும் சொல்லலை. இன்னைக்குத்தான் ஒருத்தி என்கிட்ட உண்மை பேசியிருக்கா. ஆத்தங்கரைக்கு ஒரு எட்டுப் போய்ப் பாக்காத ஆளு செஞ்ச தப்புக்கு இவங்க வீட்டு அடுப்பை நான் அணைக்க மாட்டேன். என் பதினேழு ஆடும் இவங்களோடயே போகட்டும்.”

புருஷனைப் பறிகொடுத்தவள் கொடுத்த பிறகு மற்றவர்கள் என்ன பேசுவார்கள்? ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். தூலோ மட்டும் தன் ஆடுகளை அடுத்த ஊரில் விட்டான். அது அவன் இஷ்டம்.

ஐம்கானிடம் போனேன். இத்தனை பெரிய வாய் வைத்திருந்தும் ஒரு சொல் வரவில்லை. அவள் என் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

“அழாத. கறுப்புக் காது ஆடு ஒண்ணு நொண்டுது. அதைக் கொஞ்சம் பாத்துக்க.”

வீட்டுக்கு நடந்தோம். பாலம் வந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். எதைச் சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

“பதினோரு நாளா?” என்றார்.

“ஆமா.”

“உள்ள இருந்தப்ப நினைச்சுப் பாப்பேன். நீ என்னை நம்பக் குறைஞ்சது ஒரு மாசமாவது ஆகும்னு நினைச்சேன்.”

எங்கள் ஊரில் பகலில் யாரும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதில்லை. அன்றைக்கு அவர் நடந்தார்.