எடை நிற்கும் கால்

ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். இரண்டு முட்டை வேகவைத்து, ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதை டப்பாவில் போட்டுக்கொண்டான். சட்டைக்கு முன்பக்கம் மட்டும் இஸ்திரி போட்டான். ஏழரைக்கு மாமியார் போன் செய்தார்.

"சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?"

"ஆச்சு அத்தை."

"கடைசியா என்ன சொன்னா, இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

"அம்மாவப் பாத்துக்கங்கன்னு சொன்னா."

ஐந்து மாதமாக இதே பொய். மனைவி விபத்தில் இறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை கேட்டபோது வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தான். அன்று காலை அவள் வேலைக்குக் கிளம்பியது நினைவிருக்கிறது. தோளில் பை. ஏதோ சொன்னாள். என்ன என்பதுதான் தலைகீழாக நின்றும் வரவில்லை.

அவன் கல்லூரியில் புள்ளியியல் விரிவுரையாளன். அங்கே நடக்கும் மாலை நேர டாங்கோ ஜோடி நடன வகுப்புக்கு இருவர் பேரையும் கொடுத்தவள் அவள்தான். ஒரே ஒரு வகுப்புக்குத்தான் சேர்ந்து போனார்கள், மறுநாள் விபத்து. இப்போது புதிதாகத் தொடங்குகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. போனால் அந்த வார்த்தை நினைவுக்கு வரலாம் என்று போனான்.

பூப்பந்து அரங்கத்தில் வகுப்பு. ஜோடியாக வாய்த்தவர் விலங்கியல் மேடம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டியதில்லை, அவன் மார்பு போகிற பக்கம் பார்த்து அவர் காலெடுப்பார் என்றார்கள். எண்ணையே நம்பிப் பிழைப்பவனுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது.

"சார், தரையில ஏதாவது தொலைச்சுட்டீங்களா?" என்றார் மேடம்.

"காலப் பாத்துட்டிருக்கேன்."

"என் லேப் தவளைகூட உங்களவிட நிமிர்ந்து உக்காரும்."

நிமிர்ந்தான். அவர் காலை மிதித்தான். மன்னிப்புக் கேட்டுவிட்டு இடப்பக்கம் திரும்பினான். மேடம் நகரவில்லை.

பயிற்சியாளர் வந்தார். அவனைவிடச் சின்னவர். "அவங்க எடை மொத்தமும் நிக்கிற காலையே தூக்கச் சொல்றீங்க. எப்படித் தூக்குவாங்க? நடக்காதீங்க. நின்ன எடத்துலயே கால் மாத்துங்க. எந்தக் கால்னு தெரிஞ்சதும் நடங்க."

வலது. இடது. மறுபடி வலது. குழம்பிவிட்டான்.

"இப்ப எது சார்?"

"தெரியல மேடம்."

"எனக்கும் தெரியல. நீங்க ரெண்டுலயும் நிக்கிறீங்க."

அப்போது வந்தது. சமையலறை. அடுப்பில் முட்டை கொதிக்கிறது. பையை மாட்டியபடியே அவன் தோளில் கை வைத்து, முந்தின நாள் கற்ற ஒரே ஒரு அடியை முயன்று பார்க்கிறாள். அவன் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறான்.

"ஒரு நிமிஷம் மேடம்" என்று வெளியே வந்தான். படிக்கட்டில் நின்றபடி போன் செய்தான்.

"என்ன மாப்பிள்ளை, இந்த நேரத்துல?"

"அத்தை, நான் சொன்னது பொய். அவ அப்படிச் சொல்லல."

"தெரியும். என்னப் பாத்துக்கச் சொல்ற ஆளா அவ? நெசமா என்னதான் சொன்னா?"

ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னான்.

"எந்தக் கால்ல நிக்கிறீங்கன்னே தெரியல. சாயங்காலம் பாப்போம், வழி விடுங்க."