காலியாகக் கிடந்த பதினொரு வருடம்

வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவன் நான். வேலை பார்த்த ஆராய்ச்சிக்கூடத்தை மூடிவிட்டதால் எட்டு மாதமாக வேலைக்கு ஏறி இறங்கினேன். போன இடமெல்லாம் ஒரே பாட்டுதான். "உங்க படிப்புக்கு இது ரொம்பச் சின்ன வேலைங்க. ரெண்டே மாசத்துல போயிடுவீங்க." போகமாட்டேன் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். வீட்டில் அப்பா எழுபத்திரண்டு வயதில், முழங்கால் வலியோடு தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். அந்தச் சம்பாத்தியத்தில் நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் சாப்பிட்டேன்.

கடைசியில், ஒரு மாடியில் தரை கழுவும் திரவம் கலந்து பாட்டிலில் அடைக்கும் சின்னக் கம்பெனி ஒன்றுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். படிப்பை மறைத்ததை அப்பாவிடம் சொன்னேன்.

"இருக்கட்டும்டா டாக்டரு, தரை பளிச்சுனு ஆனா சரி" என்று சிரித்தார். பட்டம் வாங்கிய நாளிலிருந்து அவர் வாயில் எனக்கு அதுதான் பெயர்.

அவரிடம் சொல்லாதது ஒன்று உண்டு. நேர்காணலில் மேற்பார்வை பார்க்கும் அம்மா என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, "நடுவுல பதினொரு வருசம் காலியா கிடக்கே?" என்று கேட்டார்.

"அப்பா படுத்த படுக்கை மேடம். கூடவே இருந்து பாத்துக்கிட்டேன்."

"இப்ப அவர யாரு பாத்துக்கறா?"

அடிக்கடி லீவு கேட்பேன் என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்துவிட்டேன். "தவறிட்டாரு" என்றேன். நாக்கு கூசவே இல்லை. அந்த அம்மாவுக்குத்தான் முகம் வாடிப்போயிற்று. ஒரு நாள் வேலை செய்து காட்டச் சொன்னார்.

அந்த நாளின் அவசரத்தில் மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டேன். அளவுக் குடுவையில் திரவத்தை ஊற்றி, ஆராய்ச்சிக்கூடத்து வழக்கப்படி முழங்காலை மடக்கி, கோட்டுக்கு நேராகக் கண்ணைக் கொண்டுபோனேன். மூக்கு குடுவையில் இடித்தது. பின்னால் அந்த அம்மா நிற்பது தெரியவில்லை.

"இங்க எல்லாரும் நின்னபடியே மேலேருந்து பாத்து ஊத்துவாங்க. இப்படிப் பாக்க யாரு சொல்லிக் குடுத்தா?"

மறைத்த படிப்பு முழங்கால் வழியாக வெளியே வந்துவிட்டதே. "அப்பாவுக்கு மருந்து அளந்து குடுத்த பழக்கம்" என்றேன். ஆக, சாகடித்தவருக்கு மருந்தும் கொடுத்தாயிற்று.

"பாவம். அப்பா போய் எத்தன மாசம் ஆச்சு?"

"எட்டு மாசம்."

நிமிர்ந்தால், வாசலில் அப்பா. கையில் என் கண்ணாடிக்கூடு. படியேறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"யாருங்க வேணும்?" என்றார் அந்த அம்மா.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "நான் பக்கத்து வீடும்மா. தம்பி கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டாங்க." பிறகு என் பக்கம் நீட்டினார். "இந்தாங்க தம்பி."

பிறந்ததிலிருந்து அவர் என்னிடம் 'டா' போடாமல் பேசியதே இல்லை. நான் வாங்கிக்கொண்டேன். 'இவர்தான் என் அப்பா' என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. வேலை போய்விடுமே என்று நின்றேன்.

"இவங்க அப்பாவ உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாவே தெரியும்மா. தங்கமான மனுசன். என்ன, புள்ளையத்தான் மேல படிக்க வைக்காம விட்டுட்டாரு."

சொல்லிவிட்டு, "வரேம்மா" என்று கிளம்பினார்.

"நல்ல அக்கம்பக்கம் உங்களுக்கு. இன்னிக்கே சேந்துக்குங்க" என்று அந்த அம்மா ஒரு படிவத்தை என் முன்னால் வைத்தார். தந்தை பெயர் என்ற இடத்தில் விரலை வைத்து, "முன்னாடி லேட்னு போட்டுருங்க" என்றார்.

அப்பா இன்னும் இறங்கி முடிக்கவில்லை. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து அவர் இறங்கும் சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

எழுதினேன்.