காரணம் உட்காரும் ஸ்டூல்

பூபதியின் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டிருந்த ஸ்டூல் காலியாக இருந்தது. அதனால்தான் அவனை வீட்டுக்கு விட மறுத்தார்கள்.

மற்றபடி அந்த வார்டில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பக்கவாதம் வந்தவர் கட்டிலில் படுத்திருப்பார். அதை வரவழைத்த காரணம் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும். தேறியதும் இருவரும் சேர்ந்தே வீட்டுக்குப் போவார்கள். எதிர்க் கட்டில் பெரியவரின் ஸ்டூலில் அவருடைய சர்க்கரை உட்கார்ந்திருந்தது. கதர்ச் சட்டை போட்ட, சற்றே பூசினாற்போன்ற சர்க்கரை. பேப்பரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, மடித்து அவர் தலைமாட்டில் வைக்கும். ஜன்னலோரத்து அம்மாளின் ஸ்டூலில் ரத்தக்கொதிப்பு இருந்தது. அது யாரோடும் பேசாது. ஃபேன் சத்தம் போட்டால் மட்டும் எழுந்து நின்று முறைக்கும்.

பூபதிக்கு வயது முப்பத்தொன்று. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஷேடு பார்ப்பவன். எல்லாரும் ஒரே வெள்ளை என்று சொல்லும் இரண்டு துணிகளை வெளிச்சத்தில் பிடித்து, இது வேறு அது வேறு என்று பிரிப்பதுதான் அவன் வேலை. பக்கவாதம் வந்த அன்று காலை, வேலைக்குக் கிளம்பும்போது, சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்த இடது கை பாதியில் நிறுத்திக்கொண்டது. வாயின் இடது ஓரமும் கையோடு சேர்ந்துகொண்டது. அவனுக்குச் சர்க்கரை இல்லை. கொதிப்பு இல்லை. சிகரெட் கிடையாது. இந்தப் பையன் வெறுங்கையோடு வந்திருக்கிறான் என்று வார்டில் பேசிக்கொண்டார்கள்.

இந்த வயதில் வருகிறவர்களில் பலர் இப்படித்தான் வருகிறார்கள் என்றார் டாக்டர் அமுதவல்லி. ஸ்டூலுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் அதையும் சொன்னார்.

“காரணம் சிக்காம உங்கள அனுப்பிட்டா அது வெளியதான் சுத்திட்டு இருக்கும். மறுபடியும் உங்களத்தான் புடிக்கும்.”

மறுபடியும் என்ற சொல்லைக் கேட்டதும் பூபதியின் மனைவி சிந்துஜா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவர்களுக்குப் பத்து மாதத்தில் ஒரு பெண் குழந்தை, மிதுனா. அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே தவழ்ந்து வந்து கைகளைத் தூக்குவாள். பூபதி வீட்டுக்குப் போக வேண்டும். காரணத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு போக வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

முதலில் இதயத்தைச் சந்தேகப்பட்டார்கள். ஸ்கேன் அறைக்கு வீல்சேரில் தள்ளிக்கொண்டு போனார்கள். வராந்தா நீண்டுகொண்டே போனது. சுவரில் சொட்டு மருந்து விளம்பரத்தில் சிரித்த குழந்தை போகப் போக வளர்ந்து, கடைசி விளம்பரத்தில் மீசை வைத்திருந்தது.

ஸ்கேன் எடுத்தவர் இதயத்துக்குள் ஒரு சின்னக் கதவைக் கண்டுபிடித்தார். பிறந்த கையோடு சாத்திக்கொள்ள வேண்டிய கதவாம். சாத்தவில்லை. கடைசியாக உள்ளே போனது யார் என்று சிந்துஜாவைக் கேட்டார்கள். தான் வரும்போதே திறந்துதான் கிடந்தது என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டுக் கணவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். டாக்டர் கொஞ்ச நேரம் யோசித்தார். நாலு பேரில் ஒருவருக்கு இந்தக் கதவு இப்படித்தான் கிடக்கிறது, அத்தனை பேருமா விழுகிறார்கள், பிடித்து வைக்கச் சாட்சி போதாது என்று கதவை விட்டுவிட்டார்.

அடுத்து, பார்க்க வருகிறவர்களைச் சந்தேகப்பட்டார்கள்.

வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பை சாத்துக்குடியும் ஆளுக்கு ஒரு காரணமும் கொண்டுவந்தார்கள். ஈரத் தலையோடு ஏசியில் படுத்திருப்பான் என்றார் ஒருவர். ஓயாமல் செல்போனை நோண்டினால் இப்படித்தான் என்றார் இன்னொருவர். பரோட்டா என்றும் சொன்னார்கள், கண்ணுபட்டது என்றும் சொன்னார்கள். எதற்கும் பூபதி ஒத்துக்கொள்ளாதபோது, அவன் எதையோ தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பதுபோலப் பார்த்தார்கள். ஒன்றுமே இல்லாமல் எப்படி வரும் என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு அவரவர் இடது கையை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

சிஸ்டர் ஜெசிந்தா வாசலிலேயே எல்லாரிடமும் விதியைச் சொல்லித்தான் அனுப்பினாள். எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். ஸ்டூலில் மட்டும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தவர்தான் காரணம்.

எல்லாரும் நின்றார்கள். சிக்கல் பூபதியிடம் இருந்தது. வந்தவரை வாங்க, உக்காருங்க என்று சொல்லாமல் இருக்க அந்த ஊர்க்காரனால் முடியாது. வாய் கோணியிருந்தாலும் அந்த இரண்டு சொல் மட்டும் நேராகவே வந்தது. கம்பெனியிலிருந்து வந்த கட்டிங் மாஸ்டரிடமும் சொல்லிவிட்டான். மாஸ்டர் ஸ்டூலைப் பார்த்தார். பூபதியைப் பார்த்தார்.

“என்னைய மாட்டி விடப் பாக்கறயாடா பூபதி?” என்றார். சாத்துக்குடிப் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மத்தியானம் பூபதி ஸ்டூலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அதன் மேல் பச்சை ரெக்சின் தைத்திருந்தது. நடுவில் பச்சை ஒரு ஷேடு இறங்கியிருந்தது. ஆள் உட்கார்ந்து அமுங்கினால் வருகிற பச்சை. சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது. வெயில் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பக்கம் ஜன்னல் இல்லை.

அப்போதுதான் இடது கையைக் கவனித்தான். அது கட்டிலைத் தாண்டி ஸ்டூல் பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வலது கையால் தூக்கி வயிற்றின் மேல் வைத்தான். கண்ணை மூடித் திறப்பதற்குள் மறுபடியும் அங்கே தொங்கியது. விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல வளைந்திருந்தன. பிறந்ததிலிருந்து கூடவே இருந்த கை. தனக்குத் தெரியாமல் யாருடனோ பழக்கம் வைத்திருக்கிறது. சிந்துஜாவிடம் சொன்னான்.

“அந்தக் கைக்கு உணர்ச்சியே இல்லைங்கறாங்க. அது எங்கீங்க போய்ப் பழகும்?” என்றாள்.

“உணர்ச்சி இல்லாத மாதிரி நடிக்குது.”

“ராத்திரி பாப்பா அழுதா நீங்க தூங்குவீங்களே, அந்த மாதிரியா?”

பூபதி சந்தேகப்பட வேண்டியவர்களில் அவளையும் சேர்த்துக்கொண்டான்.

மறுநாள் நவநீதன் வந்தான். சிந்துஜாவின் அண்ணன். பல்லடத்தில் மோட்டார் பம்ப் கடை வைத்திருந்தான். நடந்த காரியம் எதுவானாலும் அதற்குத் தான்தான் காரணம் என்பது அவன் கட்சி. இவர்கள் கல்யாணம் கூடியது அவனால். அவன் தெருவுக்குத் தார் ரோடு வந்தது அவனால். போன வருஷம் மழை நன்றாகப் பெய்ததிலும் தன் கை இருக்கிறது என்று ஜாடையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“வாங்க மச்சான், உக்காருங்க,” என்றான் பூபதி.

நவநீதன் உட்கார்ந்துவிட்டான்.

சர்க்கரை பேப்பரை இறக்கியது. ரத்தக்கொதிப்பு எழுந்து நின்றது. சிஸ்டர் ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தாள்.

சிந்துஜா அண்ணனின் தோளைப் பிடித்து இழுத்தாள். “எந்திரிண்ணா. ஒண்ணும் தெரியாம உக்காந்துட்டேன்னு சொல்லு.”

“நீ சும்மா இரு புள்ள. ஆள் வேணுங்கறாங்கல்ல? நான் இருந்துட்டுப் போறேன்.”

அவனால் எப்படி வந்தது என்று டாக்டர் கேட்டார். நவநீதன் மோட்டுவளையைப் பார்த்து யோசித்தான்.

“போன தீவாளிக்கு மாப்ளைக்கு நான்தானுங்க பேண்ட்டு எடுத்துக் குடுத்தேன். இடுப்புல கொஞ்சம் புடிச்சிருக்கும்.”

டாக்டர் தலையசைத்தார். இதைவிட மோசமான காரணங்களை அவர் கேட்டிருக்கிறார். பிறகு பூபதியின் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்குச் சம்மதம்னா இன்னிக்கே கெளம்பலாம். ஆனா ஒண்ணு. இவரு இல்லைன்னா, நெசமானது இன்னும் வெளியதான் இருக்குது.”

பூபதி மைத்துனனைப் பார்த்தான். நவநீதன் பருத்த ஆள். ஸ்டூல் முழுவதும் அவனுக்கே பற்றாது. ஆனாலும் ஓரமாக, ஒரு தொடையில்தான் உட்கார்ந்திருந்தான். பஸ்ஸில் ஏற்கெனவே ஆள் இருக்கும் சீட்டில் உட்காருகிற மாதிரி. மீதி இடத்திலும் பச்சை ஒரு ஷேடு இறங்கியே இருந்தது.

பூபதிக்கு அது தெளிவாகத் தெரிந்தது. மிதுனா வாசலில் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்பதும் தெரிந்தது. அவள் இன்னும் நிற்கக் கற்றிருக்கவில்லை.

“சம்மதமுங்க,” என்றான்.

புறப்படும்போது சிஸ்டர் ஜெசிந்தா எச்சரித்தாள். எங்கே வேண்டுமானாலும் போயிட்டு வர்றேன் என்று சொல்லுங்கள், ஆஸ்பத்திரியில் சொல்லாதீர்கள். சொன்னால் வரத்தான் வேண்டியிருக்கும். யாரும் சொல்லவில்லை. நவநீதன்கூட வாயைத் திறக்கவில்லை. எதிர்க் கட்டில் பெரியவர் போயிட்டு வா என்று ஆரம்பித்தார். சர்க்கரை சட்டென்று அவர் வாயைப் பொத்தியது.

வீல்சேர் வார்டு வாசலைத் தாண்டும்போது, பூபதியின் மடியில் கிடந்த இடது கை மெதுவாக எழுந்தது. பட்டனை விட்டதற்குப் பிறகு எல்லார் கண்ணுக்கும் தெரிய அது அசைந்தது அப்போதுதான். பின்பக்கம் நீண்டு, ஸ்டூலைப் பார்த்து விரல்களை மடக்கி விரித்தது. தயங்கி நிற்கும் விருந்தாளியை, கூச்சப்படாமல் வாங்க என்று கூப்பிடுகிற மாதிரி.

“ஏனுங்க, கை அசையுதுங்க,” என்றாள் சிந்துஜா. அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். டாக்டர் கைதட்டினார். நவநீதன் மட்டும் ஆச்சரியப்படவில்லை. தான் உட்கார்ந்தபோதே இது தெரியும் என்றான்.

பூபதி ஸ்டூலைப் பார்த்தான். பச்சை ஒரே சீராக, முழு ஷேடுக்குத் திரும்பியிருந்தது.

காரில் நவநீதன் முன்னால் ஏறிக்கொண்டான். காரணம் என்பதால் அவனுக்கு அந்த மரியாதை. பின்னால் வலது ஓரத்தில் சிந்துஜா, அவளை ஒட்டி பூபதி. இடது பக்கக் கதவு திறந்தே இருந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

“அந்தப் பக்கம் இன்னும் யாராச்சும் வரணுங்களா?”

அதற்குள் பூபதியின் இடது கை பக்கத்துச் சீட்டை இரண்டு தட்டுத் தட்டிக் காட்டியது. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து சாத்தினால் வருகிற சத்தம்.

பூபதி மனைவியிடம் சற்றுத் தள்ளி உட்காரச் சொன்னான்.

“அந்தப் பக்கம்தான் அத்தனை எடம் கெடக்குதேங்க,” என்றாள் சிந்துஜா.